பெயரில்லாத டப்பாவும் கலியாண முகமும்

கலியாணக் காலம் வந்தால் எங்கள் பக்கத்துப் பான்சிக் கடைகளில் ஒரு சின்னக் கிறீம் டப்பா கைமாறும். லேபல் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. பத்து நாளில் முகம் வெளுக்கும் என்ற வாய்ப்பேச்சு மட்டும் உண்டு.

வெளுக்கத்தான் செய்யும். இப்படியான கிறீம்களில் பாதரசமோ கடுமையான ஸ்டீரொயிட்டோ கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நிறம் தரும் மெலனினைத் தோல் உருவாக்குவதைப் பாதரசம் தடுக்கும். ஆனால் தோலோடு நிற்காது, உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். வவுனியாப் பக்கம் கமக்காரருக்கு வரும் சிறுநீரக நோய்க்குப் பயந்து கிணற்றுத் தண்ணீரையே சந்தேகப்படும் சனம் நாங்கள். இந்த டப்பாவை மட்டும் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை 2025இல் முற்றாக நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. சரி, பெயரே இல்லாத டப்பாவை யார் போய்ப் பிடிப்பது?

ஸ்டீரொயிட் என்றால் பூசும் வரை பளபளப்பு. விட்டால் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். அதற்குப் பயந்தே திரும்பவும் பூசுவார்கள்.

இத்தனைக்கும் இவர்கள் போக்க நினைக்கும் கன்னத்துக் கறுப்பு பெரும்பாலும் மங்கு (மெலஸ்மா) தான். வெயில், பிள்ளைத்தாச்சிக் காலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் அதற்குக் காரணம். தொப்பியும் சன்ஸ்கிறீனும் இல்லாமல் வயலில் நின்றால் எந்த மருந்தும் நிலைக்காது. ஹைட்ரோகுவினோன் போன்ற நிறம் குறைக்கும் மருந்துகளை டொக்டர் சொன்ன காலத்துக்கு மட்டுமே பூச வேண்டும்.

வெள்ளைத் திட்டு வந்தால் கதையே வேறு. வெளுத்த முகத்துக்கு ஆசைப்படும் அதே ஆட்கள் சம்பந்தத்தைக் குழப்பிவிடுவார்கள். அது என்ன திட்டு என்று ஒருக்கா கேட்பதும் இல்லை. தேமல் என்றால் பங்கசு. மருந்தில் மாறும், நிறம் திரும்பத்தான் சில மாதம் எடுக்கும். தொட்டால் உணர்ச்சி குறைந்த திட்டு என்றால் தொழுநோயா என்று உடனே பார்க்க வேண்டும். 6 அல்லது 12 மாத மருந்து, அதுவும் இலவசம்.

வெண்புள்ளி இரண்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறச் செல்களை அழிப்பதால் வருவது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் தொற்றாது. பூச்சு மருந்தும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் பலருக்குப் பலன் தருகின்றன. நிறம் பெரும்பாலும் மயிர்க்கால்களில் இருந்துதான் திரும்பி வருகிறது. அதனால் முகம் சீக்கிரம் தேறும். விரல் நுனியும் உதடும் லேசில் தேறாது.

வெண்புள்ளிக்குக் கார்போகரிசி என்ற மூலிகை விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதிலுள்ள சோரலென் என்ற, ஒளி பட்டால் வேலை செய்யும் பொருள் மருத்துவத்திலும் பயன்பட்டதுதான், ஆனால் அளந்த ஒளியோடு. பங்குனி வெயிலில் அளவில்லாமல் நின்றால் கொப்புளம் போடும். கொப்புளம் போட்ட இடத்தில் புதிதாக வெண்புள்ளி வரவும் கூடும்.