சம்பளம் என்ன கெட்ட வார்த்தையா?

மூன்று நாட்களாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கலைக் குழுக்களுக்கான நிதியுதவிக் கூட்டத்தில் எடுத்த அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் நடந்ததை முழுவதும் திரும்பச் சொல்லப்போவதில்லை. நிகழ்கலை அமைப்புகளுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளையின் சார்பில் வந்தவர், "நாங்கள் சம்பளத்துக்குப் பணம் கொடுப்பதில்லை, வளர்ச்சிக்கும் புதுமைக்கும்தான் கொடுக்கிறோம்" என்றார். அரங்கம் கைதட்டியது. யாருடைய பெயரையும் இங்கே எழுத மாட்டேன். அவர் மரியாதையானவர், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கைதட்டல்.

பதினான்கு ஆண்டுகளாக ஒரு நாடகக் குழுவுக்கு நிதியுதவி விண்ணப்பங்களை எழுதிக்கொண்டிருப்பவள் நான். அந்தப் படிவங்கள் எனக்கு மனப்பாடம். "இத்திட்டத்தில் உள்ள புதுமை என்ன? 200 சொற்களுக்கு மிகாமல் எழுதுக." அதற்குக் கீழே, "நிர்வாகச் செலவு மொத்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது." நிர்வாகச் செலவு என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஏதோ நாங்கள் சொகுசாக உட்கார்ந்து செலவழிக்கும் பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒத்திகைக் கூடத்தின் வாடகை நிர்வாகச் செலவு. மின்கட்டணம் நிர்வாகச் செலவு. கணக்கு எழுதுபவர், மேடை நிர்வாகி, உடைகளைத் தைத்து, துவைத்து, எண்ணி எடுத்து வைப்பவர், இவர்கள் எல்லோருமே அந்த 10 சதவீதத்துக்குள் அடைபட வேண்டியவர்கள். மிச்சம் 90 சதவீதத்தில் புதுமை நடக்க வேண்டும். யார் செய்வார்கள் அந்தப் புதுமையை? ஆள் வேண்டாமா?

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். புதுமைக்கு ஆள் வேண்டும், ஆள் நிலைத்து நிற்கச் சம்பளம் வேண்டும். சம்பளத்தை விலக்கிவிட்டு வளர்ச்சிக்கு மட்டும் பணம் கொடுக்கிறேன் என்பது, வேருக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டேன், பூவுக்கு மட்டும் ஊற்றுவேன் என்று சொல்வது போன்றது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒரு நிதியுதவி கிடைத்தது. தொழில்நுட்பத்தை மேடைக்குக் கொண்டுவரும் திட்டம், 18 மாதம். விண்ணப்பத்தை எழுதியவள் நான்தான், 200 சொற்களுக்குள் புதுமையையும் நான்தான் காட்டினேன். இரண்டு புரொஜெக்டர்கள் வந்தன, நடிகர் நடக்கும் இடத்தை உணர்ந்து படத்தை மாற்றும் சென்சார்கள் வந்தன. அவற்றை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு மாதச் சம்பளம் கேட்டிருந்தோம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். நாங்களும் கையெழுத்துப் போட்டோம். வேறு என்ன செய்வது?

எங்கள் மேடை நிர்வாகி அக்கா அப்போது எங்களுடன் பதினோராவது ஆண்டில் இருந்தார். விளக்குப் பலகையும் அவர் பொறுப்புதான். புதிய கருவிகளை இயக்கவும் இரவில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டார். காட்சி உள்ள மாதத்தில் அவருக்கு ஏதோ ஒரு தொகை கொடுப்போம், காட்சி இல்லாத மாதத்தில் ஒன்றும் கிடையாது. திட்டத்தின் 18 மாதம் முடிந்தது, படங்களுடன் அறிக்கை அனுப்பினோம், பாராட்டுக் கடிதமும் வந்தது. அடுத்த இரண்டாவது மாதம் அக்கா ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கும் வேலைக்குப் போய்விட்டார். மகள் கல்லூரியில் சேரப்போகிறாள், மாதம் பிறந்தால் பணம் வருகிற இடம் வேண்டும் என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? புரொஜெக்டர்கள் இப்போது அட்டைப் பெட்டிக்குள் இருக்கின்றன.

போகும்போது தன் நோட்டை என்னிடம் கொடுத்தார். தடித்த அட்டை போட்ட பழைய நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் இடதுபுறம் வசனம் ஒட்டப்பட்டிருக்கும், வலதுபுறம் பென்சிலில் குறிப்பு. பேனாவில் எழுத மாட்டார், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அழித்துத் திருத்துவார். எங்கள் நாடகம் ஒன்றில் 47ஆவது க்யூ, அதாவது விளக்கை மாற்றுவதற்கான குறிப்பு, மகன் இறந்த செய்தியைக் கேட்ட தந்தையின் மேல் வெளிச்சம் மெல்லக் குறைய வேண்டிய இடம். அங்கே நொடிக்கணக்கு எதுவும் இல்லை. "தோள் இறங்கும் வரை காத்திரு. முதல் மூச்சில் வேண்டாம். இரண்டாவது மூச்சு விட்ட பிறகு" என்று எழுதியிருக்கிறார். அருகிலேயே அழித்த தடங்கள் நான்கைந்து தெரிகின்றன. அந்த நடிகரின் மூச்சைப் படித்துப் படித்து அந்த வரிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். எந்தச் சென்சாரும் செய்யாத வேலை இது. ஆனால் எந்தப் படிவத்திலும் இதைப் புதுமை என்று எழுத இடமில்லை.

"டிக்கெட் விற்றுச் சம்பளம் கொடுங்கள், அதற்கு எதற்கு அறக்கட்டளை?" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும், ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டும்விட்டார்கள். இந்தக் கேள்விக்கு 1966ஆம் ஆண்டிலேயே வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் விரிவாகப் பதில் எழுதிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் அதே நேரத்தில் அதிகப் பொருள் செய்யலாம், அதனால் அங்கே கூலியும் ஏறலாம். பீத்தோவனின் நால்வர் இசையை வாசிக்க அன்றும் நான்கு பேர் வேண்டும், இன்றும் நான்கு பேர் வேண்டும், வேகமாக வாசித்து நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாது. மற்ற துறைகளில் கூலி ஏற ஏறக் கலைஞனுக்கும் ஏற்றிக் கொடுத்தாக வேண்டும், ஆனால் அவன் உற்பத்தி செய்யும் அளவு ஏறாது. வரவுக்கும் செலவுக்கும் உள்ள இந்த இடைவெளி ஆண்டுதோறும் கூடிக்கொண்டேதான் போகும், நிர்வாகத் திறமை எவ்வளவு இருந்தாலும். நாங்கள் சோம்பேறிகள் என்பதால் விழும் பள்ளம் இல்லை இது, இந்தத் தொழிலின் தன்மையிலேயே இருப்பது.

புதிய பார்வையாளர்களைக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளை அதையும் செய்து பார்த்தது. 25 நிகழ்கலை அமைப்புகள், 5.2 கோடி டாலர் திட்டம். பார்வையாளர்களைச் சேர்ப்பதில் பல அமைப்புகளுக்குப் பலன் கிடைத்தது, ஆனால் அதனாலேயே நிதிநிலை உறுதிப்பட்டுவிடவில்லை. தாங்கள் செலவழித்ததை ஆய்வு செய்து அதையும் வெளியிட்டார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

அறக்கட்டளைகள் சம்பளத்துக்குக் கொடுக்கவே கொடுக்காது என்று நினைப்பதும் சரியில்லை. அதே 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 61 சிம்பொனி இசைக்குழுக்களுக்கு 8 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பெரும்பகுதி வைப்பு நிதி, குழுக்களும் தங்கள் பங்குக்குத் திரட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையுடன். நோக்கங்களில் ஒன்று என்ன தெரியுமா? இசைக் கலைஞர்களின் வருமானத்தை உயர்த்துவது, அவர்கள் வேறு வேலைகளுக்கு ஓடாமல் வாசிப்பிலேயே நேரத்தைச் செலவிட வழி செய்வது. வருமானம் என்ற சொல்லை எழுத அவர்கள் கூச்சப்படவில்லை. அதற்குப் பிறகும் பல இசைக்குழுக்கள் பற்றாக்குறையில்தான் ஓடின என்று யாராவது சுட்டிக்காட்டலாம். ஆமாம், ஓடின. ஆனால் ஆண்டில் இசை நிகழ்ச்சிகள் நடக்கும் காலம் நீண்டது, வாசிப்பவர்களுக்குக் கூடுதல் வாரங்களுக்குச் சம்பளம் கிடைத்தது. எனக்கு அது போதும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றில் அரங்குகள் மூடியபோது, நூற்றுக்கணக்கான அமெரிக்க அறக்கட்டளைகள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன. குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கொடுத்த பணத்தை அமைப்பின் பொதுச் செலவுக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிப்போம், அறிக்கைகளுக்கான கெடுவைத் தளர்த்துவோம் என்றார்கள். ஃபோர்டு அறக்கட்டளை பத்திரம் வெளியிட்டு 100 கோடி டாலர் கடன் வாங்கிக்கூடக் கொடுக்க முன்வந்தது. அப்படியென்றால் விதிகளைத் தளர்த்த முடிகிறது. வாடகையும் சம்பளமும் இல்லாவிட்டால் அமைப்பே இருக்காது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. உலகத்துக்கே நெருக்கடி வந்தபோது புரிந்தது. எங்களைப் போன்ற சிறிய குழுக்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நெருக்கடி வருகிறது, அப்போது மட்டும் ஏன் 10 சதவீதம்?

அமெரிக்காவின் டோரிஸ் டியூக் அறக்கட்டளை நிகழ்கலைஞர்களுக்குத் தரும் விருதை 2023ஆம் ஆண்டில் 5,50,000 டாலராக உயர்த்தியது. அதில் 5,25,000 டாலருக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. மிச்சம் 25,000 டாலர், ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் கலைஞருக்கு ஊக்கத்தொகை. இதைப் படித்த அன்று வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடனமாடும் உடம்புக்கு வயதாகும் என்று ஒரு நிதி அமைப்பு நினைத்துப் பார்த்திருக்கிறதே!

"அவர்கள் பணம், அவர்கள் விருப்பம்" என்பவர்களுக்கு: சரி, அவர்கள் பணம்தான். பொதுநலன் என்று சொல்லி வரிச்சலுகை பெறும் பணம் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அவ்வளவுதான் என் பதில்.

"மாதச் சம்பளம் உறுதியானால் கலைஞர்கள் தேங்கிவிடுவார்கள், பசி இருந்தால்தான் கலை வரும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தால் அவர் சிகிச்சையை மறந்துவிடுவாரா? நிதியை நிர்வகிக்கும் அலுவலர்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறதே, அவர்கள் தேங்கிப்போனார்களா? பசியில் கலை வரும் என்று சொன்ன யாரையும் நான் பசியோடு பார்த்ததில்லை. பசியில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மயக்கம் வரும். ஒத்திகையின் நடுவில் எங்கள் நடிகர் ஒருவர் தடுமாறி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து நேராக வந்தவர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று பிறகுதான் சொன்னார். நானும் அன்றைக்கு வசனத்தை ஏன் விட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன்.

இன்னொரு பேச்சும் என் காதுக்கு வந்தது. "விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட எரிச்சலில் எழுதுகிறாள்." ஆம், இந்த ஆண்டு எங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறைக்கவில்லை. மேடை நிர்வாகி ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் கேட்டிருந்தோம், அக்காவைத் திரும்ப அழைக்கலாம் என்ற எண்ணத்தில். "திட்டத்தில் புதுமைக்கூறு போதவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. வலிக்கத்தான் செய்தது. வலித்ததால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா? நிராகரிக்கப்பட்டவர்கள் பேசக் கூடாது, பெற்றவர்கள் பேசினால் அடுத்த முறை கிடைக்காது. பிறகு யார்தான் பேசுவது?

இதனால்தான் கைதட்டல் என்னை இப்படி வதைக்கிறது. அங்கே இருந்தவர்கள் யார்? நடனக் குழு நடத்துபவர்கள், பொம்மலாட்டக்காரர்கள், இசை அமைப்பாளர்கள், நாடகக்காரர்கள். பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். அதில் ஒருவர் போன மாதம்தான் இரவு பதினொரு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்து, தாள வாத்தியக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைப் பற்றிச் சொல்லி அழுதார். அவரும் தட்டினார். நான் பார்த்தேன். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், தட்டாமல் இருக்க முடியவில்லை போலும். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை என்று எழுதிவிட்டு இரண்டு முறை அழித்தேன். கோபம் இருக்கிறது. நம்மிடம் வேலை செய்பவர்களின் சம்பளத்தை ஒருவர் மேடையேறி வேண்டாத செலவு என்று சொல்லும்போது நாமே கைதட்டினால், நாளை ஒத்திகைக்கு வந்து நிற்பவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நேற்றிரவு அக்கா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பியிருந்தார். நிதி பற்றியோ சம்பளம் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "நீங்களும் அங்கே இருந்தீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இருந்தேன். மூன்றாவது வரிசையில். நான் கைதட்டவில்லை. எழுந்து பேசவும் இல்லை. கேள்வி நேரம் இருபது நிமிடம் இருந்தது, ஒலிவாங்கி என் வரிசைக்கே வந்தது, பக்கத்து இருக்கைக்காரரிடம் நகர்த்திக் கொடுத்தேன். அக்காவுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.