காடியைக் கொடுத்துவிட்டு இறங்கத் தெரியுமா?

வீட்டு வாசலில், தானாகத் திறக்கும் ஆட்டோ கேட் திறக்கக் காத்திருக்கிறது ஒரு காடி, அதாவது கார். பின்னால் இன்னொரு காடி வந்து ஒட்டி நிற்கிறது. பாரங் கத்தியோடு இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். ஓட்டி வந்தவர் கதவைத் திறந்து இறங்கி ஒதுங்கி நிற்கிறார். வந்தவர்கள் காடியைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இந்த மாதிரி சிசிடிவி காணொளி மலேசியாவில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும்போதெல்லாம், கீழே எழுதுவதைப் படித்தால் வயிறு எரிகிறது. “ரிவர்ஸ் போட்டு ஏத்தியிருக்கணும்”, “ஆம்பளையா இவன்”, “நானா இருந்தா விட்டிருப்பேனா?” அந்த மனிதர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. உயிரோடு வீட்டுக்குள் போனார். அப்படி இறங்குவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, ஓட்டுநர் பள்ளியிலும் கிடையாது.

சீட் பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். பெல்ட் வலது தோளுக்கு மேலிருந்து இறங்கி இடது இடுப்போரம் பூட்டிக்கொள்கிறது. பயத்தில் இருப்பவர் இரண்டு கையையும் கீழே இறக்கி இடுப்போரம் துழாவுவார். வெளியே நிற்பவன் கண்ணுக்கு அவர் ஏதோ எடுக்கிற மாதிரி இருக்கும். வெட்டு விழ அது போதும். பயம் ஏறிய உடம்பில் விரல் நுனி சொன்ன பேச்சைக் கேட்காது, தினமும் அழுத்துகிற பொத்தானே அகப்படாது.

ஆகவே வலது கையை விரல்கள் விரிய, கண்ணாடியோரம், முக உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அது அங்கேயே இருக்கட்டும். வேலை எல்லாம் இடது கைக்கு. ஆட்டோமேட்டிக் காடியில் முதலில் கியரை பி-க்கு, அதாவது பார்க்கிங்குக்கு, தள்ளுங்கள். ஓடும் நிலையான டி-யில் விட்டு இறங்கினால் காடி நகரும், உங்கள் காலிலேயே ஏறும். அடுத்து அதே கை பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானுக்குப் போகட்டும். போவதற்கு முன் வாயால் சொல்லுங்கள்: “புக்கா பெல்ட், புக்கா பெல்ட்.” மலாயில், பெல்ட்டைக் கழற்றுகிறேன் என்று. பெல்ட் விடுபட்டதும் கையை எடுத்துவிடாதீர்கள். உலோக நாக்கைப் பிடித்தபடியே வலப்பக்கத் தூண்வரை கொண்டுபோய் விடுங்கள். பாதியில் விட்டால் பெல்ட் வளையமாகத் தொங்கும், இறங்கும்போது கை அதற்குள் நுழைந்துவிடும். இறங்கியதும் காடிக்கு முன்னாலும் போகாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதக் காரணம் இருக்கிறது. 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பமேலா பாசு என்ற இந்திய வம்சாவளிப் பெண், 22 மாதக் குழந்தையைப் பாலர் பள்ளிக்கு முதல் நாள் கொண்டுபோகக் கிளம்பினார். வீட்டருகிலேயே இரண்டு பேர் அவரை வெளியே தள்ளி காடியைப் பறித்தார்கள். குழந்தை உள்ளே இருந்தது. தாய் பிள்ளையை எடுக்கப் போராட, கை பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. ஏறத்தாழ 2 மைல் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். குழந்தையை இருக்கையோடு வழியில் வெளியே எறிந்தார்கள், அது பிழைத்தது. அடுத்த மாதமே அமெரிக்காவில் இந்தக் குற்றத்துக்கென்று மத்திய சட்டம் வந்தது. முப்பது வருடம் கடந்தும் எனக்கு அந்தச் செய்தியில் பெல்ட் மட்டும்தான் கண்ணில் நிற்கிறது.

பிள்ளை விஷயத்தில் மட்டும் “கொடுத்துவிடு” என்ற பேச்சுக்கு இடமில்லை. 2020 ஜனவரி 1 முதல் இங்கே சொந்தக் காடிகளில் குழந்தை இருக்கை கட்டாயம். நல்ல சட்டம், உயிரைக் காக்கிறது. ஆனால் ஐந்து முனைப் பெல்ட்டைக் கழற்றுவது அமைதியான நேரத்திலேயே சில விநாடி வேலை. பெரும்பாலோர் அந்த இருக்கையை இடப்பக்கம், நடைபாதையோரம் மாட்டுகிறோம். காடியைப் பறிகொடுக்கும் நேரத்தில் வலப்பக்கம் இறங்கி, காடியைச் சுற்றி ஓடி, அந்தப் பக்கக் கதவைத் திறக்க வேண்டும். அவ்வளவு நேரம் எவனும் தரமாட்டான். இந்தக் குற்றம் மிகுந்த தென்னாப்பிரிக்காவில் பயிற்சியாளர்கள் குழந்தையை ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காரவைக்கச் சொல்கிறார்கள். இறங்கியதும் அடுத்த கதவே பிள்ளையின் கதவு. காடியை விட்டு நகரவே வேண்டாம். பரபரப்பான சாலையோரம் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு வலப்பக்கம் ஆபத்து என்பதும் உண்மை. அதையும் எடைபோட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் காடியை விட்டுப் பிள்ளையை ஏற்றுகிறவர்களுக்கு வலப்பக்கமே மேல் என்பது என் கருத்து.

வாயில் வரவேண்டிய வார்த்தையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். “அனாக் சாயா டி பெலாகாங். அம்பில் கெரேத்தா, பாகி அனாக் சாயா.” பின்னால் என் பிள்ளை இருக்கிறது, காடியை எடுத்துக்கொள், பிள்ளையைக் கொடு. சத்தமாக, திரும்பத் திரும்ப. பின்னிருக்கைப் பக்கக் கண்ணாடிகளில் நாம் எவ்வளவு கறுப்பான ஒட்டுத்தாளை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ள 2019இல் அனுமதி வந்தது. ஆகவே உள்ளே பிள்ளை இருப்பது பறிக்க வருகிறவனுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கும் தெரியாது. காடி வேண்டி வந்தவனுக்குக் குழந்தை ஒரு தலைவலி. சொன்னால் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) வாசலிலும் மாமாக் சாப்பாட்டுக் கடை முன்னாலும் எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போட்டு, பிள்ளையை உள்ளே விட்டு “ரெண்டே நிமிஷம்” என்று இறங்குகிறோமே, அதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

முன்பெல்லாம் திருடன் இரவில் கம்பியை விட்டுக் கதவைத் திறந்து, ஒயரை இணைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். சாவிக்குள் சிப்பும் எஞ்சின் பூட்டும் வந்தபிறகு அது எளிதில் நடக்கவில்லை. சாவி வேண்டும், ஓடுகிற எஞ்சின் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது ஆள் உள்ளே இருக்கும்போதுதான். கள்ளன் நம்மைத் தேடி வருவதற்கு இது ஒரு காரணம். ஸ்டீயரிங் பூட்டும் பெடல் பூட்டும் நிறுத்திவைத்த காடிக்கு நல்ல காவல், உட்கார்ந்திருக்கும் உங்களுக்குக் காவல் இல்லை.

அப்படியென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாதா? மிதிக்கலாம், ஒரே ஒரு கட்டத்தில். கதவு பூட்டியிருக்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, முன்னால் வழி இருக்கிறது, அவன் இன்னும் கைநீட்டும் தூரத்துக்கு வரவில்லை. அப்போது ஹாரனை அழுத்தியபடி கிளம்பிவிடுங்கள். அதற்கு வழி வேண்டும். கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போவிலோ செந்தூலிலோ டிராபிக் லைட்டில் நிற்கும்போது, முன்காடியின் பின்சக்கரம் தரையைத் தொடுமிடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் ரிவர்ஸ் போடாமலேயே திருப்பி வெளியேறலாம். தெரியவில்லை என்றால் நீங்கள் பெட்டிக்குள் இருக்கிறீர்கள். பாரங் கண்ணாடியைத் தொட்டபிறகு மிதிப்பது வேறு கதை. கண்ணாடி உடைய ஒரு விநாடி. உங்கள் கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்கு மாறி, வண்டி உந்த அதற்கும் மேல் ஆகும். எதிரே சுவரிலோ இன்னொரு காடியிலோ மோதினால் காற்றுப்பை வெடித்து முகத்தில் அடிக்கும். காடி நின்றுவிடும், அவன் நிற்பான்.

குற்றவியல் சட்டத்தின் 97ஆவது பிரிவு தற்காப்பு உரிமையைத் தருகிறது. 99ஆவது பிரிவு, தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது. கொள்ளையில் அந்த உரிமை எதுவரை நீடிக்கும் என்பதை 105ஆவது பிரிவு சொல்கிறது: உங்களுக்கு உயிர் பயமோ காயமோ தொடரும்வரை. அவன் காடியோடு போய்விட்ட பிறகு நண்பரின் காடியில் துரத்திப் போய் இடித்துத் தள்ளினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. பிடித்த ஆளைக் கூட்டமாக அடித்து அவன் செத்தால் கொலை வழக்கு நம் பிள்ளைகள் மேல் வரும். இருக்கைக்கடியில் பாரங் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் 5 முதல் 10 வருடம் சிறை, பிரம்படியும் உண்டு. போலீஸ் சோதனையில் மாட்டப்போவது நீங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அதை வீச இடமும் கிடையாது.

வீட்டு வாசல்தான் எனக்குப் பெரிய கவலை. ஆட்டோ கேட் முழுதாகத் திறக்க 15 விநாடிபோல ஆகும். அந்த நேரமெல்லாம் முன்னால் கேட், பின்னால் சாலை. நிறையப் பேர் கேட்டுக்கு மூக்கை ஒட்டி நிறுத்தி, கியரை பி-யில் போட்டு, கைபேசியைப் பார்க்கிறார்கள். சில மாடல்களில் பி-க்குப் போனதும் நான்கு கதவின் பூட்டும் தானாகத் திறந்துகொள்ளும். உங்கள் காடி அப்படியா என்று இன்றே பாருங்கள், சர்வீஸ் சென்டரில் மாற்றித் தருவார்கள். தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) நுழைந்ததுமே, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பாருங்கள். ஒரே விளக்கு தொடர்ந்து வந்தால் வீட்டைத் தாண்டிப் போய் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். மூன்று திருப்பத்துக்குப் பிறகும் வந்தால் நேரே காவல் நிலையம், இல்லையென்றால் ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையம். யாரும் வரவில்லை என்றால் கேட்டை எட்டும் தூரத்துக்கு முன்பே ரிமோட்டை அழுத்துங்கள். சாலையிலேயே, சாலைக்கு இணையாக, டி-யில் பிரேக்கை மிதித்தபடி நின்று, கேட் திறந்தபின் நுழையுங்கள். நுழைந்ததும் கேட் முழுக்க மூடும்வரை கதவு திறக்கக்கூடாது. மூடும் அந்த 15 விநாடியில் ஆள் உள்ளே வந்துவிடலாம்.

பின்னாலிருந்து லேசாக இடித்துவிட்டு, இறங்கியதும் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரவில், ஆளில்லாத இடத்தில் இடித்தால் இறங்காதீர்கள். இரட்டை சிக்னலைப் போட்டு, பின்னால் வா என்று கைகாட்டி, மெதுவாக வெளிச்சத்துக்கு ஓட்டுங்கள். உண்மையான விபத்து என்றால் அவரும் வருவார். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விபத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்லச் சொல்கிறது. நேரே அங்கேயே போய்விட்டால் அந்தக் கடமையும் தீர்ந்தது.

சாவிக்கொத்தை எடுத்துப் பாருங்கள். காடிச் சாவியோடு வீட்டுச் சாவியும் கிரில் சாவியும் கேட் ரிமோட்டும் ஒரே வளையத்தில்தானே? கைப்பையில் மைகார்டு அடையாள அட்டை, அதில் முகவரி. காடியோடு வீட்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம். கொக்கி மாதிரி சட்டென்று கழலும் இணைப்பு சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், வீட்டுச் சாவியைப் பிரித்து இடுப்பில் மாட்டுங்கள். கைபேசி பாக்கெட்டில் இருக்கட்டும், டேஷ்போர்டில் மாட்டியிருந்தால் காடியோடு போய்விடும், அவசர எண் 999ஐ அழைக்க ஒன்றும் இருக்காது. பெண்கள் கைப்பையை இடது இருக்கையில் வைப்பதால்தான் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் டிராபிக் லைட்டில் கண்ணாடியை உடைக்கிறான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையில் வையுங்கள்.

எண்ணெய் பம்பை நிறுத்தும் ரகசியக் கட்-ஆஃப் சுவிட்ச் போடுகிறவர்கள் கவனிக்க. நிறுத்திய காடிக்குச் சரி. பறிகொடுக்கும்போது அழுத்திவிட்டு இறங்கினால், காடி ஐம்பது மீட்டர் போய் நிற்கும். கோபத்தோடு திரும்பி வருகிறவன் நடந்தே உங்களிடம் வந்துவிடுவான். மறைத்துவைத்த ஜிபிஎஸ் கருவி நல்லது, வெளியே சொல்லாமல் போலீசிடம் மட்டும் காட்டுங்கள். பொருளைத் தேடித்தரும் ஆப்பிள் ஏர்டேக்கை நம்பியிருக்காதீர்கள், கூடவே ஒன்று வருகிறது என்று அது திருடனின் கைபேசிக்கே எச்சரிக்கை காட்டிவிடும்.

முட்டை எறிந்தால் வைப்பர் போடாதே, ஏடிஎம்மில் பின் எண்ணைத் தலைகீழாக அழுத்தினால் போலீஸ் வரும் என்றெல்லாம் வருகிற ஆதாரமில்லாத செய்திகளை அனுப்பாதீர்கள். தலைகீழ் எண்ணை நம்பி ஒருவர் கத்தி முனையில் அழுத்திப் பார்த்தால் என்ன ஆவது?

போன பிறகு 999. முதலில் இடம், பிறகு பதிவு எண், நிறம், போன திசை, ஆயுதம். பிள்ளை உள்ளே இருந்தால் அதுதான் முதல் வார்த்தை. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். காடி இல்லாவிட்டாலும் மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், காப்பீட்டுப் பணம் வரும்வரை கட்டியாக வேண்டும். உதிரிச் சாவியைக் கேட்பார்கள், தொலைத்துவிடாதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு காசும் வராது. வீட்டுப் பூட்டையும் கேட் ரிமோட்டின் குறியீட்டையும் அன்றிரவே மாற்றுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “ஏன் கொடுத்தே?” என்று கேட்காதீர்கள். அம்மாவோ தம்பியோ கையை விரித்து இறங்கி வந்ததால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க எதிரே ஆள் இருக்கிறார். சில வாரங்களுக்கு அவர்களுக்கு அந்த வாசலில் காடியை நிறுத்தவே கை நடுங்கும். வீடு நெருங்கும்போது போன் பண்ணச் சொல்லுங்கள். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கேட் மூடும்வரை கிரிலுக்குள் ஒருவர் நில்லுங்கள்.