கமா இருந்த இடத்தில் ‘இ’ முளைத்தால் யார் குற்றம்?

நம் பள்ளியின் பொன்விழா மலர் கைக்கு வந்துவிட்டது. நம் பழைய மாணவர் வாட்ஸப் குரூப்பில் இருப்பவர்களுக்கு முன்கதை தேவையில்லை. “யூனிகோடுல அனுப்புனதாலதான் எழுத்தெல்லாம் கெட்டுப்போச்சு, அடுத்த தடவை ஒழுங்கா ஃபான்ட்ல அடிச்சு அனுப்புங்கப்பா” என்று கமிட்டி அண்ணன் போட்ட வாய்ஸ் நோட்டை எல்லோரும் கேட்டீர்கள். அதற்குக் கீழே வரிசையாக விழுந்த கும்பிடுகளையும், “நம்ம கம்ப்யூட்டர் புலி பார்த்த வேலை” என்று ஒருத்தர் சிரித்ததையும் பார்த்தீர்கள். புலி இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று திறக்கிறது, கொஞ்சம் நீளமாகவே.

யூனிகோடு, அதாவது இன்றைய போனும் கம்ப்யூட்டரும் எழுத்தைச் சேமிக்கும் பொது முறை, எதையும் கெடுக்கவில்லை. யூனிகோடில் சரியாக இருந்ததைப் பாமினி என்ற பழைய ஃபான்டுக்கு மாற்றினீர்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

சத்தியம் பண்ணத் தேவையில்லை, மலரே சாட்சி. எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் புரட்டுங்கள். “பெஞ்சுஇ கரும்பலகைஇ மணி” என்று இருக்கிறதா? கமா இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு ‘இ’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பள்ளி வரலாற்றுக் கட்டுரையில் “5 மஅ தூரம் நடந்து வந்தோம்” என்று அச்சாகியிருக்கிறதே, அந்த ‘மஅ’ என்ன ஊர்ப் பாஷை? எழுதியவர் கிலோமீட்டரைச் சுருக்கி ஆங்கிலத்தில் கே, எம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார். பாமினியில் ‘கே’ விசை ம. ‘எம்’ விசை அ. அவ்வளவுதான் மர்மம்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரியாமல்தான் ஊரே என்னைத் திட்டுகிறது. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களில் கோப்புக்குள்ளே தமிழே கிடையாது. இருப்பது ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று திரையில் தெரியும். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். ஃபான்ட் என்பது வேஷம். ஜே-க்கு த வேஷம், செமிகோலனுக்குப் புள்ளி வேஷம், கமாவுக்கு இ வேஷம். ஃபான்டைக் கழற்றிவிட்டால் வேஷம் கலைந்து ஆங்கிலக் குப்பை நிற்கும். யூனிகோடில் அப்படியில்லை. த என்றால் உள்ளேயும் த, அதற்கென்று உலகம் முழுக்க ஒரே எண். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். எந்தப் போனில் திறந்தாலும் த, த-தான்.

நடந்தது இது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் யூனிகோடு. டிடிபி கடையில் இருப்பது பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அது 2001-இல் வந்தது, அதற்கப்புறம் பேஜ்மேக்கரின் பெரிய பதிப்பே வரவில்லை, அதற்கு யூனிகோடு தெரியாது. ஆகவே இணையத்தில் ஏதோ ஒரு கன்வர்ட்டரில் போட்டு பாமினி ஆக்கியிருக்கிறார்கள். அந்த கன்வர்ட்டர் தமிழ் எழுத்துகளை மட்டும் ஒழுங்காக மாற்றிவிட்டு, கமாவையும் ஆங்கிலச் சொற்களையும் இருந்தபடியே விட்டிருக்கிறது. அதற்கு மேல் மொத்தப் பக்கத்தையும் செலக்ட் பண்ணி பாமினி ஃபான்டைப் போட்டதும் கமாவெல்லாம் இ ஆகிவிட்டன. கே, எம் மஅ ஆனது. செமிகோலன் இருந்த ஓரிரண்டு இடங்களில் எழுத்தில்லாமல் ஒரு புள்ளி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது, பார்த்திருப்பீர்கள்.

கன்வர்ட் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றாலும் ஒழுங்காகப் பண்ண வழி இருக்கிறது. ஆங்கிலச் சொற்களை முதலில் தனி நிறத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் கடைசியில் ஆங்கில ஃபான்ட் போட வேண்டும். பாமினியில் கமாவுக்கு வேறு விசை. மாற்றிய பிறகு ஒரு தடவை ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொடுக்க வேண்டும். சொல்லின் கடைசியில் இ வருகிறதா என்று தேடிப் பார்த்தாலே போதும். தமிழில் எந்தச் சொல் ‘இ’ என்ற தனி உயிரெழுத்தில் முடிகிறது? ஒரு பத்து நிமிஷ வேலை. அட்டைப்படத்தில் யார் படம் பெரிதாக வர வேண்டும் என்று மூன்று நாள் பேசினோம், இதற்குப் பத்து நிமிஷம் இல்லை.

சரி, எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும்.

“அச்சுன்னா பாமினிதான் தம்பி, யூனிகோடு பிரஸ்ஸுக்கு ஆகாது.” இது எந்தக் காலத்துப் பேச்சு? பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே யூனிகோடு தமிழ் வரும். ஒரே ஒரு விஷயம் செய்ய வேண்டும்: பாராகிராஃப் பேனலின் ஓரத்து மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிக் கடைக்காரர்கள் “பாத்தீங்களா, யூனிகோடு உடையுது” என்கிறார்கள். உடையவில்லை அண்ணே, நீங்கள் ஸ்விட்சைப் போடவில்லை. இன்டிசைனுக்குக் காசு இல்லை என்றால் லிபர்ஆபீஸ் இலவசம். மலர் மாதிரி இரண்டு பத்தி வைத்த பக்கங்களுக்கு அதுவே தாராளம். அங்கிருந்தே பிடிஎஃப் எடுத்து பிரஸ்ஸுக்கு அனுப்பலாம், ஃபான்ட் பிடிஎஃபுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

“யூனிகோடுல நல்ல ஃபான்டே கிடையாது.” நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை, தலைப்புக்கு பலூ தம்பி, கையெழுத்து மாதிரி வேண்டுமென்றால் கவிவனார். எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் சும்மா கிடைக்கிறது, அச்சுக்கும் தடையில்லை. போன மாசம் அழைப்பிதழுக்குப் போட்டீர்களே, “புதுசா அழகா இருக்கே” என்று எல்லோரும் கேட்டார்களே, அதுவும் யூனிகோடு ஃபான்ட்தான். சொன்னால் கோபப்படுவீர்கள் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

“தமிழுக்கு 247 எழுத்து, யூனிகோடு கொடுத்தது 128 இடம், இது சதி” என்று ஒருத்தர் கண்டிப்பாக வருவார். உயிர்மெய்க்குத் தனித்தனி இடம் வேண்டும் என்ற வாதம் நியாயமானதுதான். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து, உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியீட்டையும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணமே அது. அந்தச் சண்டையை வேறொரு நாள் போடுவோம். ஆனால் அதை வைத்துக்கொண்டு பாமினிக்கு வக்காலத்து வாங்காதீர்கள். பாமினியில் தமிழுக்கு இருக்கும் இடம் பூஜ்ஜியம்.

இன்னொன்று வரும், அதற்கு மட்டும் எனக்குக் குரல் இறங்கும். “கடை அக்கா முப்பது வருஷமா அந்தக் கீபோர்டுலதான் அடிக்குறாங்க. அவங்க பொழப்பைக் கெடுக்கணுமா?”

அக்கா அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பேச்சுக்கு ஈடாக அடிப்பார். கண் பேப்பரில் இருக்கும், வாய் யாரோடோ விலைவாசி பேசிக்கொண்டிருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். தேர்தல் நேரத்தில் நோட்டீஸ், கல்யாண சீசனில் பத்திரிகை, பரீட்சை நேரத்தில் கேள்வித்தாள். அந்த விரலை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை! இதைத்தான் தொண்டை கிழியச் சொல்கிறேன். கீபோர்டு வேறு, யூனிகோடு வேறு. என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் இலவசம். அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு, பாமினி எல்லாக் கீபோர்டும் இருக்கிறது. பாமினியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அக்கா எப்போதும்போல ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று தட்டினால் கோப்புக்குள் ‘தமிழ்’ என்று நிஜத் தமிழே விழும். அக்காவின் வேகம் குறையாது, பிழைப்பும் போகாது. இதை நிறுவிக் கொடுக்க அரைமணி நேரம். ஒரு வருஷமாக “வரேன், போட்டுத் தரேன்” என்கிறேன். “இருக்குறது ஓடுதுல்ல, கையை வைக்காதீங்க” என்றுதான் பதில். அக்கா சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்கிறார்கள்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை, பிள்ளைகளுக்காவது சொல்லுங்கள். பாமினி வேண்டாம், தங்கிலீஷ் தட்டலும் வேண்டாம், தமிழ்99 பழகுங்கள். 1999-இல் அரசே ஏற்றுக்கொண்ட அமைப்பு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசை. உயிரெல்லாம் இடது கையில். நடு வரிசையில் அ, இ, உ. அதற்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. மனப்பாடம் பண்ணவே வேண்டாம். வலது கையின் நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய, அதாவது நாம் அதிகம் எழுதும் மெய்கள். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும்: அ, ம, ம, ஆ என்று நாலே தட்டில் ‘அம்மா’. ந-வுக்குப் பின் த தட்டினால் ‘ந்த’, ங-வுக்குப் பின் க தட்டினால் ‘ங்க’. ‘வந்தான்’ ஆறு தட்டு, தங்கிலீஷில் எட்டு. ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் தடுமாறுவார்கள். ‘ஓடட்டும்’ என்று அடிக்கப் போனால் முதல் ட-வுக்கும் புள்ளி விழுந்துவிடும். அங்கே முதல் ட-வுக்குப் பின் அ தட்டிவிட்டு அப்புறம் அடுத்த ட-வைத் தட்ட வேண்டும். ‘மமதை’க்கும் இதே வழி. நாளுக்கு இருபது நிமிஷம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் கீபோர்டைக் குனிந்து பார்ப்பது நின்றுவிடும். போனிலும் செல்லினம் என்ற கீபோர்டு ஆப்பில் தமிழ்99 இருக்கிறது, ஐபோனில் ஆப்பிளே வைத்திருக்கிறது.

“வாய்ஸ் டைப்பிங் இருக்குறப்போ இதெல்லாம் எதுக்கு?” நாக்கில் ழ சரியாக வருகிறவர்கள் மட்டும் கேளுங்கள்.

அப்புறம் ஒரு தேடல் விஷயம். மலரின் பிடிஎஃபை குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். அதில் உங்கள் பெயரை அடித்துத் தேடிப் பாருங்களேன். வராது. ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பைதான் வரும். (யூனிகோடு பிடிஎஃபிலும் காப்பி எடுக்கும்போது சில நேரம் கொம்பு இடம் மாறும், அதை ஒப்புக்கொள்கிறேன், அதற்காகத்தான் மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் கத்துகிறேன்.) நம் பேட்ச்சில் பார்வையில்லாத நண்பர் ஒருவர் இருக்கிறார், நினைவிருக்கிறதா? எதையும் என்விடிஏ மென்பொருள் வைத்துக் கேட்டுத்தான் படிப்பார். அவர் அந்தப் பிடிஎஃபைத் திறந்தபோது அது “ஜே கே பி ஓ” என்று வாசித்திருக்கிறது. முப்பது வருஷம் கழித்துப் பள்ளிக்கூட மலர் வந்திருக்கிறது, அவர் காதில் விழுந்தது அதுதான். இதற்கும் யூனிகோடுதான் காரணம் என்று சொல்லிவிடுங்கள்.

என் கட்டுரையில் பிழை வந்ததற்காக நான் குதிக்கிறேன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. என் கட்டுரை 38-ஆம் பக்கம், யாரும் படித்திருக்க மாட்டீர்கள், போகட்டும். ஆறாம் பக்கத்தைப் பாருங்கள். மறைந்த ஆசிரியர்களுக்கு அஞ்சலி. பதினோரு பெயர், கமா போட்டு வரிசையாகக் கொடுத்திருந்தோம். கடைசிப் பெயரைத் தவிர ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ‘இ’. டிராயிங் சாருக்குமா? ஆமாம், சாருக்கும்தான். ஸ்கேல் வைக்காமல் கரும்பலகையில் நேர்கோடு போட்டவர். “அப்பா பேருக்குப் பின்னாடி ஏன் இ போட்டிருக்கீங்க, இனிஷியல் மாறிப்போச்சா?” என்று அவர் மகள் குரூப்பில் கேட்டார். இரண்டு நாளாயிற்று. வாய்ஸ் நோட்டுக்குக் கும்பிடு போட்ட ஒருத்தர்கூட அதற்குப் பதில் போடவில்லை.

நான் போட்டிருக்கிறேன். ஆறாம் பக்கத்தை மட்டும் யூனிகோடில் திருத்தி, நோட்டோ செரிஃபில் வைத்து, மலரின் அளவுக்கே பிடிஎஃப் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டேன். அதே கோப்பு கமிட்டி அண்ணனின் மெயிலிலும் இருக்கிறது. ஒட்டுத்தாளாக அடித்தால் முந்நூறு பிரதிக்கும் சேர்த்து ஒரு சாயங்கால வேலை, பசையோடு நான் வருகிறேன். தயவுசெய்து அதையும் பாமினிக்கு மாற்றிவிடாதீர்கள் அண்ணே.