பதினெட்டாயிரம் ரூபாய் ஒயரும் பச்சை பூத்த முனையும்

மூன்று மீட்டர் ஸ்பீக்கர் ஒயர், ஒரு ஜோடி 18,000 ரூபாய். என் ஸ்பீக்கரே 22,000க்கு வாங்கியதுதான். யோசித்து நின்றவன் கையில், "ரெண்டு நாள் வீட்ல போட்டுக் கேளுங்க சார், பிடிக்கலைன்னா கொண்டாங்க" என்று கடைக்காரர் திணித்துவிட்டார்.

மாட்டினேன். பொய் சொல்லக்கூடாது, வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. இடது பக்கத்துக் கரகரப்பு நின்றது. மிருதங்கத்தின் தொப்பிக்கு ஒரு கனம் வந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னைக்கு நல்லா கேக்குதே" என்றாள். பணம் போட்டுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

பழைய ஒயரைச் சுருட்டும்போதுதான் கவனித்தேன், முனை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. திருவான்மியூரில், உப்புக்காற்று அடிக்கிற வீட்டில், ஏழு வருடம் யாரும் தொடாத முனை. ஓர் அங்குலம் வெட்டி, உறையைச் சீவி, டெர்மினலைத் துடைத்து இறுக்கி மாட்டினேன். அதே கனம், கரகரப்பும் இல்லை. அப்புறம் மகளை விட்டு, நான் பார்க்காதபடி இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டச் சொன்னேன். பத்து முறையில் ஐந்து சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. என் பழைய ஒயர் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு, அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். போக மூன்று, வர மூன்று, ஆறு மீட்டருக்கு 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது ஒரு சதவீதம்கூட இல்லை; ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பதுதான் பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. ஆனால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.5 ஸ்கொயர் நூல் ஒயரை 15 மீட்டர் இழுத்தால் ஒயரே ஒரு ஓம் ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு சக்தி வழியிலேயே சூடாகிப் போகும். அங்கே ஒயரை மாற்றத்தான் வேண்டும். அதற்கும் 4 ஸ்கொயர் செம்பு ஒயர் போதும், எலக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும். வாங்கும்போது இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

என் மாமா மைக் செட் வைத்திருந்தார். திருவிழாவுக்கு ஊர் முழுக்க மெல்லிய ஒயரிலேயே குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அது 100 வோல்ட் லைன்: வோல்டேஜை ஏற்றினால் கரண்ட் குறையும், ஒயரில் இழப்பும் குறையும். அதே மனிதர் மைக் ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்; ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை, அதாவது ஷீல்டு, சரியில்லாவிட்டால் இரைச்சல் ஏறிக்கொள்ளும். போதாக்குறைக்கு நூறு பேர் மிதிப்பார்கள். அந்தச் செலவு நியாயம்.

2007இல், அதிசயம் என்று சொல்பவர்களைச் சோதித்துப் பார்க்கும் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் என்று சவால் விட்டார். கேபிளைச் செய்த நிறுவனம் பின்வாங்கிவிட்டது, சோதனை நடக்கவே இல்லை.

நானும் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு பவர் கார்டை எடுத்து வந்தார், 9,000 ரூபாயாம். கம்பத்திலிருந்து என் வீட்டுக்கு வரும் ஒயரை என்ன செய்வது என்று கேட்டேன். டீ சொல்லட்டுமா சார் என்றார்.