இன்னொரு தடவை ‘ஸ்டாண்டர்ட்தான்’னு சொல்லிப் பாருங்க

வீடு வாங்குகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்த அன்று நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “மூணு மாசத்துல முடியும்னு போட்டிருக்கே, எந்தத் தேதியிலேர்ந்து மூணு மாசம்?” லாயர் ஆபீஸ் கிளார்க் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, “அதெல்லாம் ஸ்டாண்டர்ட்தான் அக்கா, இங்க சைன் பண்ணுங்க” என்றாள். நாற்பது பக்கத்துக்கு மேல், அத்தனையும் ஆங்கிலம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னக் கையெழுத்து. நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு போட்டேன். லாயர் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் வந்தார், சிரித்தார், போய்விட்டார்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுக்குப் பதினோரு வருடமாக வாடகை வீடு. பத்துமலைப் பக்கம் ஒரு பழைய அப்பார்ட்மெண்ட் பிடித்துப்போனது. 480,000 வெள்ளி (ரிங்கிட்). 99 வருட லீஸ், அதாவது குத்தகை நிலம், மிச்சம் 68 வருடம். எங்கள் காலத்துக்குப் போதும் என்று நினைத்தோம். ஏஜெண்டு நம்ம தம்பிதான், அண்ணே அக்கா என்று உயிரை விடுவான். “நாளைக்கு இன்னொரு பார்ட்டி பார்க்க வர்றாங்க, இன்னைக்கே 2 பர்சன்ட் போட்டுருங்க” என்றான். 9,600 வெள்ளி, ஒரு பக்க புக்கிங் பாரம். லோன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கணவர் கேட்டார். “கண்டிப்பா வரும்ணே.” பாரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. வாயால் சொன்னதை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்டுவது? அவனுக்குக் கமிஷன் கொடுப்பது விற்கிறவர், அதிகபட்சம் 3%. விலை குறையாமல், விஷயம் சீக்கிரம் முடிந்தால்தான் அவனுக்கு லாபம். அவன் யாருக்காக ஓடுகிறான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பேங்க் அந்த வீட்டுக்கு 440,000 வெள்ளிதான் மதிப்புப் போட்டது. அதில் 90% என்றால் லோன் 396,000. கையிலிருந்து 48,000 போட்டால் போதும் என்று இருந்தவர்கள் 84,000 போட வேண்டியதாயிற்று. பின்வாங்கினால் 9,600 போச்சு. என் வளையல் அடகுக்கடைக்குப் போனது, கணவர் ஈபிஎஃப் பணத்தில் கை வைத்தார். மதிப்பீட்டை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேங்கில் கேட்டுப் பார்த்திருக்கலாமாம். இதைச் சொன்னதும் அதே தம்பிதான், எல்லாம் முடிந்த பிறகு!

அடுத்தது முத்திரை வரி. முதல் வீடு, 5 லட்சத்துக்குள் விலை என்றால் விலக்கு உண்டு என்று தெரிந்து நிம்மதியாக இருந்தோம். பத்திரமெல்லாம் தயாரான பிறகு கிளார்க் கேட்கிறாள், “அண்ணன் பேர்ல வேற வீடு ஏதாச்சும் இருக்கா?” சுங்கைப்பட்டாணியில் மாமனார் இறந்தபோது பிள்ளைகள் நான்கு பேர் பேரிலும் எழுதின பலகை வீடு ஒன்று இருக்கிறது. கால் பங்கு. கணவர் அங்கே போய்ப் பல வருடம் ஆகிறது. வாரிசாக வந்த பங்கும் வீடுதானாம், அதனால் விலக்கு கிடையாதாம். வீட்டுப் பத்திரத்துக்கு 8,600, லோன் பத்திரத்துக்கு 1,980. மொத்தம் 10,580 வெள்ளி. இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் என் பேரில் மட்டும் வாங்க வழி இருக்கிறதா என்று பார்த்திருப்போம். கேட்க எத்தனை நேரம் ஆகும்? அரை நிமிடம்?

இந்த லாயர்கள் இலவசமாகவா வேலை செய்கிறார்கள்? முதல் 5 லட்சத்துக்கு 1.25% என்று சட்டமே கட்டணம் வகுத்திருக்கிறது. எங்களுக்கு விற்பனைப் பத்திரத்துக்கு 6,000, லோன் பத்திரத்துக்கு 4,950, அதற்கு மேல் சேவை வரி. பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டால் ஸ்டாண்டர்ட்.

வாங்குகிறவர் கதி இது என்றால் விற்கிறவர் கதியும் வேறில்லை. என் அண்ணன் கெப்போங்கில் இருந்த வீட்டை விற்றார். மலேசியக் குடிமகனுக்கு ஆறாவது வருடத்திலிருந்து சொத்து ஆதாய வரி கிடையாது. ஐந்தாவது வருடத்தில் விற்றால் லாபத்தில் 15%, நாலாவதில் 20%, அதற்கு முன்னால் 30%. அண்ணனும் விவரமாகத்தான் கணக்குப் போட்டார்: பணம் கைக்கு வரும்போது ஐந்து வருடம் தாண்டியிருக்கும், வரி இல்லை. ஆனால் பணம் வந்த நாளை யாரும் பார்ப்பதில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாள்தான் கணக்கு. ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது போட்டுவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த லாயர் வாங்குகிறவரின் லாயர். அவர் ஏன் சொல்லப் போகிறார்? தனக்கென்று ஒரு லாயர் வைக்கச் செலவு எதற்கு என்று அண்ணன் மிச்சம் பிடித்த காசு அது.

அந்த வரிக்காக விலையில் 3 பர்சன்ட்டைப் பிடித்து வருமான வரி இலாகாவுக்கு அனுப்பினார்கள் என்றதும் மனுஷன் லாயர் பணத்தை அடித்துவிட்டார் என்று ஒரு வாரம் குதித்தார். கடைசியில் தப்பித்தார்தான். வாழ்நாளில் ஒரு முறை, ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைக்கும் விலக்கை எடுத்துக்கொண்டார். அறுபது நாள் பொறுத்திருந்தால் சும்மாவே கிடைத்திருக்க வேண்டியதற்கு ஆயுள் விலக்கைச் செலவழித்திருக்கிறார். நாளைக்கு இன்னொரு வீட்டை அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால்? அண்ணி இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

சரி, என்னுடைய மூன்று மாதத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் என்று நம்பி, நாள்காட்டியில் வட்டம் போட்டு, வாடகை வீட்டுக்காரரிடம் நோட்டீஸும் கொடுத்தேன். அவரும் வேறு ஆள் பார்த்துவிட்டார். பிறகு தெரிகிறது, இது லீஸ் நிலம், பட்டாவில் தடை இருக்கிறது, கைமாற மாநில அரசின் அனுமதி வேண்டும், அந்தக் கடிதம் வந்த பிறகுதான் மூன்று மாதமே தொடங்கும். அதற்குள் முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் தருவார்களாம், ஆனால் தினக்கணக்கில் வருடத்துக்கு 8% வட்டி. யார் கட்ட வேண்டும்? நாங்கள்தான். அனுமதி தாமதமானால் எங்களுக்கு யாராவது வட்டி தருவார்களா? அந்த வரி மட்டும் நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டேன், அகராதி வைத்துக்கொண்டு.

படித்ததால்தான் இன்னொன்றும் கேட்கத் தெரிந்தது. அனுமதிக்குக் காத்திருக்கும்போது விற்கிறவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது? நில அலுவலகத்தில் பட்டாவின் மேல் கேவியட், அதாவது தடைக்குறிப்பு, போட வேண்டும், அது இருக்கும்வரை வேறு ஆள் பேருக்கு மாற்ற முடியாது. “போட்டாச்சா?” என்று லாயர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுநாள் போட்டார்கள்.

சாமான் பாதி ரவாங்கில் மாமியார் வீட்டில், மீதி பெட்டிகளில். பிள்ளைகளைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி அங்கிருந்து செந்தூல் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு வருகிறோம். மூன்று மாதம் ஓடிவிட்டது, அனுமதிக் கடிதம் வரவில்லை. 68 வருடம் மிச்சம் என்று சொன்னேன் அல்லவா? சாவியே இன்னும் கையில் இல்லை, அதிலும் மூன்று மாதம் கழிந்துவிட்டது.