எல்லாருக்கும் புரிந்தது

மூன்று நாளாக ஒரே காணொளி ஏழு புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து எனக்கு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும், அதனால் கதையை முழுக்கச் சொல்லப் போவதில்லை. பெற்றோர் கூட்டம், விடுமுறை வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் நேரம். ஓர் அம்மா எழுந்து மைக்கைப் பிடித்து "ப்ளீஸ் புட் டவுன் மை சன் ஆல்சோ" என்கிறார். மேடையில் இருப்பவர் "நாய், பூனையைத்தான் மேடம் புட் டவுன் பண்ணுவாங்க" என்கிறார். மண்டபமே குலுங்குகிறது. கடைசி இரண்டு விநாடியில் அந்த அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

நானும் முதல் தடவை சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். சிரிக்கிற முகம்கூட ஒன்று தட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் கேட்டது புரிந்தது. என் பையன் பேரையும் எழுதிக்கோங்க, அவ்வளவுதானே? புரியாமல் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

இலக்கணப் புலிகளுக்கு ஒரு சேதி. அதே வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி "புட் மை சன் டவுன் ஃபார் தி கிளாஸ்" என்று சொல்லியிருந்தால் அது சுத்தமான இங்கிலீஷ், லண்டனில் பிறந்தவரும் அப்படித்தான் சொல்வார். ஒரு 'ஃபார்' விட்டுப் போனதற்கு இத்தனை கூத்து. கையில் இருப்பதைக் கீழே வைத்தாலும் புட் டவுன், பெயரை எழுதினாலும் புட் டவுன், வீட்டுக்கு முன்பணம் கட்டினாலும், கலகத்தை அடக்கினாலும், நோயில் துடிக்கும் நாயை ஊசி போட்டு மேலே அனுப்பி வைத்தாலும் அதே புட் டவுன்தான். நாலு பேர் முன்னால் ஒருத்தரை மட்டம் தட்டுவதற்கும் அதே சொல். இந்தக் கடைசி அர்த்தம் மேடையில் இருந்தவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, செய்முறை விளக்கமே கொடுத்துவிட்டாரே.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் 'ரன்' என்கிற ஒரே வினைக்கு 645 அர்த்தம் பிரித்திருக்கிறார்கள். அதை ஒழுங்குபடுத்திய ஆசிரியருக்கே ஒன்பது மாதம் பிடித்ததாம். சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே வேலையாகச் செய்கிறவருக்கு ஒன்பது மாதம். நம் அம்மா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஓடி வந்தவர்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் வேறு இங்கிலீஷ். 'போஸ்ட்போன்' தெரியும், 'டாலரேட்' தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். 1066-ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தில் போய் இறங்கிய பிறகு பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்து சேர்ந்த பெரிய மனிதச் சொற்கள் இவை. வீட்டிலும் கடையிலும் இங்கிலீஷ்காரர்கள் அதே அர்த்தத்தில் புழங்குவது 'புட் ஆஃப்', 'புட் அப் வித்'. இரண்டு துண்டுச் சொல், மூன்று துண்டுச் சொல். துண்டு ஒவ்வொன்றும் நமக்குத் தெரியும், சேர்ந்தால்தான் தெரியாது. ஒட்டிக்கொண்டு கூட வருவது எது என்பதில் இருக்கிறது விஷயம். அது காதில் விழுந்து விழுந்து படிய வேண்டியது, மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நம்மிடம் இல்லையா? டீ போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, கோலம் போடு, பூனை குட்டி போட்டது. வெளியூர்க்காரர் ஒருத்தர் இதில் தடுமாறினால் "பாவம், எவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொள்கிறார்" என்று கொஞ்சுவோம். மலாயில் காலணியைக் கழற்றினாலும் 'பூக்கா', விளக்கைப் போட்டாலும் 'பூக்கா', நோன்பு திறந்தாலும் 'பூக்கா'. மாக்கான் காஜி, மாக்கான் சுவாப், மாக்கான் அங்கின் என்று சம்பளம், லஞ்சம், காற்று எல்லாவற்றையும் சாப்பிடுகிற மொழியை இங்கே மலேசியாவில் நாம் எல்லோரும் தடுமாறித் தடுமாறித்தான் பேசக் கற்றோம், யாரும் படம் பிடித்துப் போடவில்லை. இங்கிலீஷ் என்றால் மட்டும் இந்தத் திமிர் எங்கிருந்து வருகிறது?

சரி, இப்போது சிலர் வருவார்கள். "தப்பைத் திருத்தவே கூடாதா?" திருத்துங்கள் ஐயா, கூட்டம் முடிந்த பிறகு, காதோடு. "தமிழிலேயே கேட்டிருக்கலாமே?" கேட்டிருக்கலாம், உண்மைதான். ஆனால் மேடையில் இருந்தவர் முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசிவிட்டு "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டால் அந்த அம்மா என்ன செய்வார்? "ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியாதா?" இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

நானும் வாங்கியிருக்கிறேன். 2001-ல் பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்புகிற ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், தௌக்கே, அதாவது முதலாளி, "சீ டு தி கன்டெய்னர்" என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தேன். வந்து "ஐ சா, பாஸ்" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார், கதவைச் சாத்தினார், 'சீ டு' என்றால் கவனித்து முடித்துக் கொடு என்று அர்த்தம் என மலாயில் சொன்னார், மறுபடியும் அனுப்பினார். இன்றைக்கு அதை நானே சொல்லிச் சிரிக்க முடிகிறதென்றால் அவர் கதவைச் சாத்தியதால்தான்.

ஆனால் எனக்கு இவ்வளவு கோபம் வருவது அந்தக் கன்டெய்னரால் இல்லை. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன்.

1998. சுற்றிலும் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம். அப்பா பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரில் இருந்தார். காலை இருட்டில் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போவார், இருட்டிய பிறகுதான் வருவார். அன்றைக்குப் பதினோரு மணிக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பை நிறைய கறிபாப். "இன்னைக்கு சீக்கிரமே விட்டுட்டாங்கடா" என்றார். வெளிநாட்டு மேனேஜர் கூப்பிட்டுக் கை கொடுத்து "வி ஹாவ் டு லெட் யூ கோ" என்றாராம். லெட் என்றால் விடு, கோ என்றால் போ. அப்பாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும், "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சட்டைப் பையில் ஒரு கவர். லீவு கடிதம் என்று நினைத்துப் பிரிக்காமலே வைத்திருந்தார். அக்கா அப்போது ஐந்தாம் படிவம், அவள்தான் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ நாளைக்கு பஸ் வராதா?" என்றுதான் அப்பா கேட்டார்.

அந்த மேனேஜரின் இங்கிலீஷில் ஒரு தப்பும் கிடையாது. ஒரு 'ஃபார்' குறையவில்லை. அவர் நல்ல மனிதராகக்கூட இருந்திருக்கலாம், நயமாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவருக்குப் புரியவில்லை, புரிந்ததா என்று பார்க்கவும் இல்லை. இங்கே இந்த அம்மா தப்பாகச் சொன்னார், எல்லாருக்கும் புரிந்தது. இந்த இரண்டில் யாருடைய இங்கிலீஷ் மோசம் என்று அந்த மேடைக்காரரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு அவர் நண்பர் பட்டியலில் இடம் இல்லை, நேற்று நீக்கிவிட்டார்.

காணொளியைப் பகிர்ந்தவர்கள் அழித்தால் சந்தோஷம், அழிக்காவிட்டால் உங்கள் இஷ்டம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவ்வளவு பேர் சிரித்தீர்களே, அந்தப் பையன் பேரைக் கடைசியில் எழுதிக்கொண்டீர்களா?