பிள்ளையை விட்டுட்டுப் போனவளா?

‘பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ’ என்று, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களைப் பற்றி எங்கள் காசிமேட்டில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே வேலைக்கு அப்பன்காரன் துபாய் போனால் ‘பாவம், குடும்பத்துக்காகக் கஷ்டப்படுறான்’. கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். மகள் இங்கே ஆயாவிடம், அதாவது பாட்டியிடம். மத்தியானம் எஜமானியம்மா தூங்கும்போது பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வீடியோ கால் போடுவார். ‘தலையைத் திருப்புடி, பேன் இருக்கா பாக்கறேன்.’ ஆயா டார்ச் அடிக்க, அங்கிருந்தே ‘காதோரம் பாரும்மா, இன்னும் கீழே’ என்று சொல்லிச் சொல்லி எடுக்கவைப்பார். இவரையா மனசில்லாதவர் என்கிறீர்கள்?

போகும்போது அவருக்கு 28 வயது, படிப்பு எட்டாவது. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை, அதாவது வளைகுடா மாதிரி சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டிய வகை. அதை வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 2016 முதல் அரசு ஏஜென்சி மூலமாகத்தான் போகவும் முடியும்; நமக்கு அது கிண்டியில் இருக்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். பெண்களைப் பாதுகாக்கத்தான் இந்த விதி என்கிறார்கள். சரி, வட்டிக்காரன் 30 வயதுவரை பொறுப்பானா?

அங்கேதான் ஏஜென்ட் நுழைகிறான். விசிட் விசாவில் துபாய், அங்கிருந்து குவைத். காகிதத்தில் அக்கா ஒரு டூரிஸ்ட். குடிபெயர்வு அனுமதி கிடையாது, அதோடு கட்டாயமாக எடுக்கவேண்டிய 10 லட்ச ரூபாய் இன்சூரன்சும் கிடையாது. ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொன்ன வேலை, போய்ப் பார்த்தால் மூன்று மாடி வீடு. சம்பளமோ சொன்னதில் பாதி. சம்மதமில்லாமல் பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கக்கூடாது என்று குவைத்தின் 2015 சட்டமே சொல்கிறது. அக்காவுடையது எஜமானியின் பீரோவில்.

‘அவளே இஷ்டப்பட்டுத்தானே போனா’ என்பவர்களுக்கு ஒன்று. ஏமாற்றி ஆளைச் சுரண்டலுக்கு அனுப்புவது நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவின்படி ஆள்கடத்தல். போனவர் சம்மதித்தாரா என்பது அதில் கணக்கிலேயே வராது.

வயது வரம்பை எடுத்தால் கடத்தல் கூடும் என்று நண்பர் வாதாடுகிறார். வரம்பு இருக்கும்போதே இந்த லட்சணம்! வயதைப் பார்ப்பதை விட்டு, ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் பாருங்கள். கிண்டி ஆபீஸ்காரர்கள் மாதம் ஒருநாள் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் மேஜை போட்டு உட்காரட்டும். ஏஜென்ட் தெருமுனைக்கே வந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டுப் போகிறான், இவர்களுக்கு வர என்ன?